இடது பக்கத் தூண்

எங்கள் தெருவில் ஒரு பழைய கார் நல்ல கார் என்று பேர் வாங்க வேண்டுமானால் சொட்டை மேஸ்திரி அதன்மேல் ஒருமுறை கை வைத்தாக வேண்டும். மேஸ்திரிக்குத் தலையில் சொட்டை கிடையாது. அறுபதை எட்டிப் பார்க்கிற வயதிலும் வாரினால் சீப்பு உடைகிற முடி. கார்களில் விழுகிற சொட்டைகளைத் தட்டி எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். புதிதாக வருகிறவர்கள் வழுக்கைத் தலையைத் தேடிக்கொண்டு போய்ப் பெயிண்டருக்கு வணக்கம் வைப்பார்கள். பெயிண்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நான் அடுத்த கடை. கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். சுத்தியல் விழுகிற வேகத்தை வைத்தே அண்ணன் இன்றைக்குக் கோபமாக இருக்கிறாரா குஷியாக இருக்கிறாரா என்று மெஷினில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே அவர் வீடு. இரண்டு அறையும் ஒரு சமையலறையும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பெயிண்ட் வாசனை, மூடினால் புழுக்கம். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடுவேன். என் டப்பாவைத் திறந்து பார்த்து, “இதை மனுஷி தின்பாளா?” என்று மூடி வைத்துவிட்டுத் தன் தட்டில் பாதியை என் பக்கம் தள்ளுகிற ரகம் அண்ணி.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அண்ணியின் தம்பி இருந்தான். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்ட ஆறு வயசுப் பையனாக, அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன். “பொண்ணு கேட்டுப் போனேன், புள்ளையையும் சேத்துக் குடுத்து அனுப்பிட்டாங்க” என்று மேஸ்திரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். குறையாகச் சொல்வதுபோலத்தான் சொல்வார், முகம் மட்டும் மலர்ந்திருக்கும். அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரங்களைப் பழுதுபார்க்கிறான். மனைவி, ஐந்து வயதில் இரட்டைப் பெண்கள், பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிஷத் தூரத்தில் தனிக்குடித்தனம். ஆனால் செருப்பு வாங்குவதானால்கூட மாமாவைக் கேட்டுத்தான் வாங்குவான். அவன் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இவரு என்னை ஒருதடவை பாத்தாருக்கா, மாமாவை நாலு தடவை பாத்தாரு.”

அது ஒரு மழைக்காலம். நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர்கள் திருப்பத்தில் சறுக்கி விழுந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. இளையவளுக்கு முகவாயில் மூன்று தையல். அந்தத் தையலைப் பார்த்துவிட்டு அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்தபடியே சொன்னாள்.

“இனிமே ஸ்கூட்டர்ல நாலு பேரா வர்றதா இருந்தா இந்த வாசல்படி மிதிக்காதே. ஒரு காரு வாங்கு. ஓட்டையோ உடைசலோ.”

“ஓட்டை உடைசல் எதுக்குக்கா?” என்றான் தம்பி. “மாமா இருக்கறப்போ?”

மாமா அன்றைக்கு இன்னொரு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

பழைய கார் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பேச மாட்டார். வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்வார். உள்ளங்கையைப் பரத்தி வைத்துத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். மடக்கிய விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இரண்டாவது சுற்று. கடைசியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பின் விளக்கிலிருந்து முன் விளக்கு வரை வண்டியின் ஓரத்தைப் பார்ப்பார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை. ‘எடு’ அல்லது ‘விடு’. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கேட்டுக்குள் வந்த வண்டியின் கதை கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. எதில் மோதியது, யார் உள்ளே இருந்தார்கள், எந்தப் பக்கம் புதிது, எந்தப் பக்கம் ஒட்டு என்று எதையும் ஒருவரும் பேசக் கூடாது. “டாக்டரு நோயாளி கதையை டீக்கடையில உக்காந்து சொல்லுவாரா?” என்பார் மேஸ்திரி. தெருவே அதில் சாப்பிட்டது, நானும்தான்.

தம்பிக்காக இரண்டு மாதத்தில் பதினொரு வண்டி பார்த்தார். பதினொன்றும் ‘விடு’. ஒரு வண்டியை மூன்றே தட்டில் அனுப்பினார். இன்னொன்றைத் தொடக்கூட இல்லை. கதவைச் சாத்திய சத்தத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உங்க மாமாவுக்குப் புடிச்ச காரைத் தேடறதுக்குப் பதிலா, தங்கத்துலயே ஒரு காரை வார்த்துடலாம்” என்று பெயிண்டர் சலித்துக்கொண்டார். தம்பி சிரித்தான். மாமா அவனுக்காக இத்தனை பார்க்கிறார் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

பன்னிரண்டாவது வண்டியை ஒரு புரோக்கர் கொண்டுவந்தான். காப்பிப்பொடி நிறம். பெரிய வண்டியில்லை, நான்கு பேருக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. இரட்டையர் இருவரும் அது நிற்பதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். புரோக்கர் கெட்டிக்காரன். மேஸ்திரியின் ‘விடு’வைப் பற்றிக் கேள்விப்பட்டு, பக்கபலத்துக்கு அடுத்த தெரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

இரண்டு மேஸ்திரிகளும் பேச்சுவார்த்தை நின்று இருபது வருஷமாகியிருந்தது. எப்போதோ ஒரு வண்டியின் ஒட்டைப் பார்த்து, “இது டிங்கர் வேலையா, தட்டுமுட்டுச் சாமான் வேலையா?” என்று அடுத்த தெருக்காரர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அதிலிருந்து இவர் அந்தத் தெரு வழியாக டீக்குக்கூடப் போவதில்லை.

அடுத்த தெரு மேஸ்திரி அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் மேஸ்திரியைப் பார்க்காமல், புரோக்கரைப் பார்த்துச் சொன்னார்:

“கலர் மாத்தியிருக்கான். அது ஆசைக்கு மாத்தினது. உடம்பு கம்பெனி உடம்பு. இதுல ஒரு சுத்தியல் பட்டிருந்தா நான் இந்தத் தொழிலை விட்டுடறேன்.”

எங்கள் மேஸ்திரி அதற்குப் பிறகுதான் கை வைத்தார். வலப்பக்கம் முழுவதும் தடவி வந்தார். பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தார். இரண்டு கதவுக்கும் நடுவிலிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கை நின்றது. அப்படியே நின்றது. முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை.

அதே நேரம் நான் வண்டிக்குள் இருந்தேன். புது உறைக்கு அளவெடுக்க, பிள்ளைகளை முன் சீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பழைய உறையின் அடிப்பக்கம் நீல நூலில் இரட்டைத் தையல் ஓடியிருந்தது. சாம்பல் நிற உறைக்கு நீல நூல் போடுகிற கிறுக்கி இந்த ஊரில் ஒருத்திதான் உண்டு. சாம்பல் நூல் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், அடியில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான்தான் அதைப் போட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளையாக இருந்த வண்டி. லாரி மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் காலால் மிதித்த டப்பாபோல் உள்ளே போயிருந்தது. ஸ்பாஞ்சிலிருந்து நான் இரண்டு நாள் கண்ணாடித் துண்டு பொறுக்கினேன். மேஸ்திரி நாற்பது நாள் அதன்மேல் கிடந்தார். முடித்துக் கழுவி நிறுத்தியபோது, எந்தப் பக்கம் அடிபட்டது என்று எனக்கே சொல்ல முடியவில்லை.

நான் தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த தெருக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஓடியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அது சிரிப்புதான்.

“என்ன மாமா?” என்றான் தம்பி.

மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்காரவே இல்லை. வேட்டியைத் தட்டினார்.

“எடு.”

தம்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகள் ஹாரனை அமுக்கின. அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து, “அப்பாடா, ஒருவழியா எடுன்னு சொன்னாரு!” என்று கத்தினாள்.

சாயங்காலம் அவர் குழாயடியில் மரத்தூள் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, அது அந்த வெள்ளை வண்டி.”

“எந்த வெள்ளை வண்டி?”

“என்கிட்டயே நடிக்காதீங்க. என் தையல் அதுல இருக்கு.”

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுக்கு எப்போதோ போய்விட்டது.

“வேலை நல்ல வேலை தங்கச்சி. நாற்பது நாளு.”

“வெளிய நல்ல வேலை. உள்ள?”

“உள்ள...” என்று நிறுத்தினார். “அந்தத் தூணை மாத்தணும்னு சொன்னேன். ஓனரு கேக்கலை. இருக்கறதையே நேராக்குங்கன்னான். கேஸ் வச்சுக் காய்ச்சித்தான் நேராக்க முடிஞ்சுது. காய்ச்சின இரும்பு பாக்கறதுக்கு நேரா நிக்கும். அவ்வளவுதான் நிக்கும்.”

“மறுபடி அடிபட்டா?”

“தாங்காது.”

“தெரிஞ்சே எடுன்னு சொன்னீங்களா? அந்தப் பக்கம் யாரு உக்காரப் போறா? உங்க பேத்திங்கதானே?”

அவர் குழாயை மூடினார். துண்டைத் தேடினார். துண்டு தோளிலேயே இருந்தது.

“விடுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் சொன்னது காதுல கிடந்து... ஒரு சுத்தியல் படலைன்னான் பாத்தியா. அவன் சொன்னான். இருபது வருஷமா என் வேலையப் பாத்து மூக்கைச் சுளிச்சவன். நான் விடுன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா, நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். வாய் தானா எடுன்னுடுச்சு.”

“வாய் மேல பழியப் போடாதீங்கண்ணே.”

“நீ சொல்றது சரிதான்.”

“இன்னும் ஒண்ணும் குடி முழுகலை. பேப்பரு நாளைக்குத்தான் மாத்தறாங்க. ராத்திரி சாப்பிட வருவான்ல? சொல்லிடுங்க. கோவிச்சுக்கிட்டா ரெண்டு நாளு கோவிச்சுக்குவான்.”

“சொல்லிடறேன்.”

சொல்லவில்லை. தம்பி பொரித்த மீனும் கேக்கும் வாங்கி வந்திருந்தான். பிள்ளைகள் காரை விட்டு இறங்க மாட்டோம் என்று அதற்குள்ளேயே தட்டை வைத்துச் சாப்பிட்டன. அண்ணி என்னையும் பிடித்து உட்கார வைத்தாள். தம்பி மாமாவின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான். “மாமா கை வச்ச வண்டி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்றான். மேஸ்திரி மீனைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் தட்டைப் பார்த்தார்.

மறுநாள் பேப்பர் மாறியது. அதற்கடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாகியது. ஒரு நாள் தள்ளிப்போட்ட சொல் பத்து நாளில் பாறாங்கல்லாகிவிடுகிறது.

நானாவது சொல்லியிருக்கலாம். தெருச் சட்டம், அடுத்தவர் குடும்பம், நமக்கெதற்கு என்று எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், அந்த மத்தியானத் தட்டு எனக்கு வேண்டியிருந்தது.

வண்டி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நான்கு பேரும் காரில் வந்து இறங்குவார்கள். அண்ணி விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். மேஸ்திரிக்கு மட்டும் அந்த நாளில் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கிளம்பும்போது பின் கதவைத் திறந்து, இரண்டு பிள்ளைகளையும் வலப்பக்கமாக ஒண்டி உட்கார வைப்பார். இடப்பக்கத்தில் தலையணை, பை, தண்ணீர்க் கேன் என்று அடுக்குவார்.

“தாத்தா, அந்தப் பக்க ஜன்னல்ல மாடு தெரியும்” என்று மூத்தவள் சண்டை பிடிப்பாள்.

“இந்தப் பக்க ஜன்னல்ல யானை தெரியும்.”

“பொய்!”

“ஆமா, பொய்தான். உக்காரு.”

தம்பி மனைவி சிரிப்பாள். “மாமாவுக்கு வயசாயிடுச்சு. எந்தப் பக்கம் உக்காந்தா என்ன?”

நடுவில் இரண்டு முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப்போகச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை, ஒரு மாதம் விட்டுப் போ, பார்க்கிறேன் என்றார். தூணை வெட்டிப் புதிது போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. தம்பி கதவைத் திறந்து மூடிக் காட்டினான். ‘டப்’ என்று கச்சிதமாகச் சாத்தியது. அவர் வேலையாயிற்றே, பின் எப்படிச் சாத்தும்? “இதுக்கு ஒரு மாசமா மாமா? நான் தினமும் நாலு மெஷினு பாக்கப் போகணும்” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. தலையணையும் தண்ணீர்க் கேனும் இடப்பக்கத்திலேயே தங்கிவிட்டன, பிள்ளைகளுக்கும் எல்லா நாளும் வலப்பக்கம் பழகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது, பால் வண்டி ஒன்று சந்திலிருந்து ரிவர்ஸில் வந்து காரின் இடப்பக்கத்தில் இடித்தது. வேகமே இல்லை. ஆள் நடக்கிற வேகம். வேறு வண்டியாயிருந்தால் ஒரு சொட்டை விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். இது ஒரு சாண் உள்ளே மடிந்து வந்தது. தலையணையும் தண்ணீர்க் கேனும் நசுங்கின. வலப்பக்கம் ஒண்டியிருந்த பிள்ளைகள் மேல் கண்ணாடித் தூள்தான் விழுந்தது.

அன்று மத்தியானம் நான் அண்ணியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தம்பி உள்ளே வந்தான். முகம் வெளிறியிருந்தது. மேஸ்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

“பிள்ளைங்க?”

“வீட்டுல இருக்காங்க மாமா. ஒண்ணுமில்லை. கீறல்கூட இல்லை.” உட்கார்ந்து போனை நீட்டினான். “இதைப் பாருங்க. கம்பெனி சர்வீஸுக்குத்தான் இழுத்துட்டுப் போனாங்க. அங்க பிரிச்சுக் காட்டினான். இது காய்ச்சி நிமிர்த்தின தூணாம். சூட்டுல இரும்பு நீலம் பாஞ்சிருக்குது பாருங்க. காகிதம் மாதிரி மடிஞ்சிருக்கு. லாரி இடிச்சிருந்தா பிள்ளைங்க...”

மேஸ்திரி போனை வாங்கவில்லை.

தம்பி அவர் கையைப் பிடித்தான். “நீங்க மனசுல வச்சுக்காதீங்க மாமா. அந்த சர்வீஸ்காரனே சொல்றான், இந்த மாதிரி வேலை அவன் பாத்ததே இல்லையாம். பிரிக்காம எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாதாம். உங்களையே ஏமாத்திட்டான்னா அதைச் செஞ்சவன் எப்பேர்ப்பட்ட எமனா இருக்கணும்? உங்க மேல தப்பே இல்லை. நீங்க பிள்ளைங்களை வலப்பக்கம் உக்கார வச்சதாலதான் இன்னிக்கு அவங்க இருக்காங்க.”

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எவன்டா செஞ்சான் அதை? பிள்ளை குட்டி உக்காரும்னு தெரியாதா அவனுக்கு? அந்தக் கை விளங்குமா? அந்தக் கை அழுகிப் போகட்டும்.”

மேஸ்திரியின் கை தம்பியின் கைக்குள் இருந்தது. அதில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அவர் இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று முதுகைக் காட்டியபடி காத்திருந்தேன். “வண்டிய இங்க கொண்டு வா” என்றார் அவர்.

வண்டி வந்தது. புதுத் தூண், கீழே ஓடுகிற சட்டம், இரண்டு கதவு என்று எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்தே வரவழைத்தார். வேறு எந்த வேலையையும் தொடவில்லை. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் ஒரே சீராக வந்தது. கோபமா வருத்தமா என்று முதல்முறையாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அண்ணி, “தம்பிக்கு வாங்கிக் குடுத்தது இப்படி ஆயிடுச்சேன்னு உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு இருக்காரு” என்று என்னிடம் சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைப்பது?

ஏழு வாரம் கழித்து வண்டி தயாரானது. ஆனால் தம்பியின் மனைவி அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளைகளும் அதைப் பார்த்தாலே அம்மாவின் பின்னால் ஒளிந்தன. விற்றுவிடலாம் என்று தம்பி முடிவு செய்தான்.

வாங்க வந்தவள் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தனியாகத்தான் வந்தாள். வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் வெயிலில் நின்றது. தம்பியும் மனைவியும் பிள்ளைகளும் ஒரு பக்கம். அண்ணி வாசல்படியில் நின்றாள். நான் கையில் துணியோடு என் கடை முகப்பில்.

நர்ஸ் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது. நேரே மேஸ்திரியிடம் போனாள்.

“எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வார்டுல ஒருத்தர் சொன்னாரு, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கச் சொல்லி. எடுக்கலாங்களா?”

தம்பி புன்னகையோடு மாமாவைப் பார்த்தான். ஒரு வார்த்தைதான், அதோடு முடிந்துவிடும் என்ற நிம்மதி அவன் முகத்தில்.

மேஸ்திரி வாயைத் திறந்தார்.

“அம்மா, இந்த வண்டி இடது பக்கம் ரெண்டு தடவை அடிபட்டது. முதல் தடவை லாரி. அப்போ வெள்ளைக் கலரு. நான்தான் சரி பண்ணினேன். அந்தத் தூணை மாத்தாம கேஸ் வச்சுக் காய்ச்சி நிமித்தினேன். அது தப்பான வேலை. தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். ரெண்டாவது அடி இப்போ. அந்தத் தூணு மடிஞ்சு போச்சு. இப்போ எல்லாம் புதுசு. கம்பெனி சாமான். வெட்டின இடத்தைக் காட்டறேன், வாங்க. வேற யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பிரிச்சுக் காட்டுங்க.”

கதவு ரப்பரை இழுத்து, ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வண்டியைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தெரு நின்று கேட்டது. பெயிண்டர் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இவ்வளவையும் நீங்களா சொல்றீங்க. அப்புறம் எனக்கென்ன பயம்? நான் எடுத்துக்கறேங்க.”

முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள். பேப்பருக்கு நாளைக்கு வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னாள். அவன் தலையாட்டினானா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. வண்டி தெருமுனையில் திரும்புகிற வரை யாரும் அசையவில்லை.

அண்ணிதான் முதலில் வந்தாள். அவர் முன்னால் வந்து நின்று, அவர் கைகளைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

தம்பி மெதுவாகப் பேசினான். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அந்தம்மாவை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியுமா மாமா?”

“தெரியாதுடா.”

“பேரு?”

மேஸ்திரி வண்டி திரும்பிப் போன தெருமுனையைப் பார்த்தார்.

“அவங்களுக்கு அத்தனையும் சொன்னீங்க. எனக்கு எடுன்னீங்க.” பிள்ளைகளைப் பார்த்தான். “வலப்பக்கம் உக்காருங்கன்னீங்களே. நான் அன்னிக்கு உங்க கையப் புடிச்சுக்கிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னேன். என்னைச் சொல்ல விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“அன்னிக்கு மண்டையில கர்வம் ஏறிப்போச்சுடா. அப்புறம் தினமும் சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீ என்னை விட்டுப் போயிடுவேன்னு பயம்.”

தம்பி குனிந்து இளையவளைத் தூக்கிக்கொண்டான். மூத்தவளை அவன் மனைவி கையில் பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தின் பக்கம் நாலடி நடந்தவன் நின்றான். திரும்பி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா காரை மட்டுந்தானே மாமா விட்டிருப்பேன்.”

மேஸ்திரி வெயிலிலேயே நின்றார். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகும் நின்றார்.